செய்முறையில் விற்ற டப்பாக்கள்

மும்பை வடாலாவில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி அம்பர்நாத்துக்கு மாறியது. என்னையும் அங்கே வரச் சொன்னார்கள். தாராவியில் இருந்துகொண்டு தினமும் அம்பர்நாத்துக்கு லோக்கல் ரயிலில் இடிபட்டுப் போய்வர எனக்கென்ன தலையெழுத்தா? ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி வீட்டிலிருந்தே ஏதாவது வியாபாரம் என்று மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்தாயிற்று. என்ன வியாபாரம் என்பது மட்டும்தான் பாக்கி இருந்தது.

நான் வேலையை விட்ட சேதி எனக்கு முன்னாலேயே எங்கள் சந்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வாரத்திலேயே மூன்று பேர் ஆளுக்கொரு கம்பெனியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி முகத்தில் பூசும் க்ரீம், ஒருத்தி பாலில் கலக்கிக் குடிக்கும் சத்துமாவு, வாஷியிலிருந்து வந்த ஒரு மேடம் சமையலறை டப்பாக்கள். எதுவும் கடையில் கிடைக்காது. நாம் வாங்கித் தெரிந்தவர்களிடம் விற்க வேண்டும். அவர்களையும் கம்பெனியில் சேர்த்துவிட்டால் அவர்கள் விற்பதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. கேட்கும்போது தேனாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தில் ஒரு பெண் இரண்டு வருஷமாக ஏதோ ஒரு கம்பெனியில் இருக்கிறாள். நல்ல பெண். முன்பெல்லாம் அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியே கலகலவென்று இருக்கும். இப்போது அவள் தலை தெரிந்ததும் ஆளாளுக்கு வராத போனைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று நகர்ந்துவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்தச் சந்துகளில் நெருக்கியடித்துக் குடியிருக்கிற எங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்தான் சொந்தக்காரரும். அவர்கள் என்னைக் கண்டு போனை எடுக்கும் நாள் வந்தால், எத்தனை சம்பாதித்தும் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தாலும் என் மக்களை இழக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

க்ரீமை முதலிலேயே தள்ளிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து யாரும் க்ரீம் வாங்கப் போவதில்லை என்கிற அளவுக்கு எனக்குக் கண்ணாடியோடு பழக்கம் உண்டு.

சத்துமாவுக்காரி செம்பூரில் ஒரு ஹாலுக்குக் கூட்டிப்போனாள். மேடை, பாட்டு, கைதட்டல். டை கட்டிய ஒரு தம்பி மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்களுக்குக் கீழே யார் யாரைப் போடப் போறீங்க, அதை முதல்ல யோசிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து கேட்டேன்: "விக்காத மாவைத் திருப்பி எடுத்துக்கிடுவீங்களா? மாசாமாசம் நானே வாங்கியாகணுமா? ஆளே சேர்க்காம மாவை மட்டும் வித்தா எனக்கு என்ன கிடைக்கும்?" அவர் சிரித்துக்கொண்டே, நெகட்டிவ்வாக யோசிக்கக் கூடாது என்றார். கணக்கு எழுதியவளிடம் போய் இப்படிச் சொன்னால் எடுபடுமா? அதுவும் எனக்குக் கீழே போட வேண்டுமானால் முதல் ஆள் என் வீட்டுக்காரரின் அக்காதான். மைனியை எனக்குக் கீழே போட்டால் அன்றைக்கே எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

டப்பா மட்டும் மனதில் நின்றது. சாமான் நன்றாக இருந்தது. மூடினால் காற்றுப் போகாது, கீழே போட்டால் உடையாது. விற்காததைத் திருப்பித் தரலாம் என்றும் சொன்னார்கள். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டெமோ வைத்துப் பார்ப்போம் என்று வாஷி மேடத்தை வரச் சொன்னேன். சந்தில் வீடு வீடாகப் போய், "நம்ம வீட்டுக்கு வாங்க, ஒரு சின்ன விசேஷம்" என்று அழைத்தேன். விசேஷம் என்ற வார்த்தை தானாக வாயில் வந்தது. வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியாது.

எல்லாரும் வந்தார்கள். என் ஒற்றை அறை கொள்ளாமல் படியிலும் உட்கார்ந்தார்கள். மைனி பட்டுப் புடவை கட்டி வந்து நடுவில் உட்கார்ந்து, முதல் ஆளாகப் பெரிய டப்பா ஒன்றை எடுத்தார். அதன் பிறகு ஒருத்தர் பாக்கியில்லை. விலையைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. கேசரியைச் சாப்பிட்டு, டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அப்ப வாரோம்" என்று போனார்கள். வாஷி மேடத்துக்கு நம்ப முடியவில்லை. "தீதீ, ஆப் தோ ஸ்டார் ஹோ!", அக்கா நீங்கள் ஸ்டார்தான் என்று என்னைக் கட்டிப்பிடித்தார். இப்படி விற்கத் தெரிந்தவள் கம்பெனியில் சேர வாங்கும் சாமான் கிட்டில் சின்னதை எடுப்பது பாவம், பெரிய கிட்டாக எடுத்து லீடர் ஆகிவிடு, சனிக்கிழமைக்குள் சொல் என்றார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று. கணக்கு எழுதியே காலத்தை வீணாக்கிவிட்டோம் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர், அதிகம் பேச மாட்டார். "பாத்துச் செய்யி" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பின் தெருவில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. மொய் எழுதிவிட்டு, பரிசுகள் வைத்திருந்த மேஜைப் பக்கம் போனேன். அங்கே என் டப்பாக்கள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, நீலம், பச்சை, ரோஸ். ஒன்றில்கூடக் கவர் பிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் கேசரியைச் சாப்பிட்ட முக்கால்வாசிப் பேர் டப்பாவை நேராக இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். குழந்தையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவு டப்பாவுல போட எங்க வீட்ல என்ன இருக்கு? நீங்களே ரெண்டை எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தாள்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மைனியிடம் கேட்டேன். "மைனி, டப்பா உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கதுக்கு என்னட்டி இருக்கு? என் வீட்ல இல்லாத டப்பாவா? நீ விசேஷம்னு கூப்பிட்ட. வெறுங்கையோட போக முடியுமா? எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீ செஞ்சிருக்கேல்லா, அதான் எல்லாரும் உனக்குத் திருப்பிச் செஞ்சிட்டோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு டப்பாகூட விற்கவில்லை. என் மக்கள் எனக்குச் செய்முறை செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் பணமோ பொருளோ வைத்துச் செய்கிற அதே முறையை என் டெமோவுக்கும் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்கள்மேல் பிரியமாகவும் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செய்முறை ஒரு தடவைதான். அடுத்த மாதம் மறுபடி டெமோ வைத்தால் முகம் சுளிப்பார்கள். அதற்கடுத்த மாதம் போனைக் காதில் வைப்பார்கள். குழாயடிப் பெண்ணுக்கு நடந்தது என்ன என்று எனக்கு அந்தப் பந்தியில்தான் விளங்கியது.

மறுநாள் வாஷி மேடத்துக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்களிடம் டப்பா வாங்கியவர்களில், நீங்கள் கேட்காமல் தானாக இரண்டாவது தடவை வாங்கியவர்கள் யாராவது உண்டா? அவர் லீடர்களுக்கான கோவா டிரிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வருத்தமே இல்லை. எனக்கு வேண்டிய அளவுகோல் கையில் கிடைத்துவிட்டது. தீர்ந்துபோகிற சாமானாக இருக்க வேண்டும். எனக்கு எந்த முறையும் செய்ய வேண்டாதவர்கள் வாங்க வேண்டும். தீர்ந்ததும் அவர்களே கூப்பிட வேண்டும்.

செம்பூரில் இருந்த பழைய ஆபீஸ் தோழி, தரை துடைக்கும் லிக்விட் விற்கும் சின்னக் கம்பெனி ஒன்றைச் சொன்னாள். ஹால் இல்லை, பாட்டு இல்லை. என் கேள்விகளுக்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார்கள். கட்டாயமாக வாங்க வேண்டியதில்லை, விற்காததைத் திருப்பலாம், ஆள் சேர்த்தால் வருவது சொற்பம்தான், விற்றால்தான் வரும்படி. இது போதும் என்று நினைத்தேன். பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்காவில் என்னை யாரென்றே தெரியாத கட்டடங்களில் ஏறி இறங்கினேன். பாதிக் கதவுகள் சங்கிலியை எடுக்காமலே மூடின. ஒரு பாலக்காட்டு மாமி மட்டும், "ரொம்ப விலை சொல்றேளே" என்று பேரம் பேசி ஒன்று வாங்கினாள். கொஞ்ச நாளில் அவளே போன் செய்தாள். "அந்த லிக்விட் தீர்ந்துடுத்து. ரெண்டா கொண்டு வாங்கோ, எதிர் ஃப்ளாட்டுக்கும் வேணுமாம்." டெமோ அன்றைக்கு மொத்த டப்பாவும் போனபோது வராத சந்தோஷம் அந்த இரண்டு பாட்டிலில் வந்தது.

கம்பெனியை முடிவு செய்தாயிற்று. மைனியிடம் சொல்லப் போனேன். கையில் ஒரு சின்ன சாம்பிள் பாட்டிலும் கொண்டுபோனேன்.

"ஒரு பெரிய பாட்டில் எழுதிக்கோ" என்றார் மைனி, நான் வாயைத் திறக்கும் முன்பே.

"வேண்டாம் மைனி. சொந்தத்துல யாருக்கும் இப்ப விக்கப் போறதில்ல. இதைச் சும்மா வச்சுப் பாருங்க."

மைனியின் முகம் மாறியது. "ஓஹோ. எங்க காசு உனக்கு ஆகாதோ? மாட்டுங்கா மாமி காசுதான் காசோ? அப்ப நாங்க உனக்கு யாரு?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. செய்முறையை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் உறவையே வேண்டாம் என்று சொல்வது. சாம்பிளை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மாட்டுங்காவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எதிர் ஃப்ளாட், மேல் மாடி, பக்கத்துக் கட்டடம் என்று வியாபாரம் தானாக நடந்தது. எடுத்த முடிவு சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மைனி படியேறி வரவில்லை. தினமும் காலையில் வந்து, என் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிற மனுஷி. அவருக்கென்று போட்ட காப்பியை நானே குடித்துவிட்டு, இந்த வியாபாரம் யாருக்கு வேண்டும் என்று ஒரு நாள் அழுதேன்.

ஒரு காலையில் படியில் மைனியின் குரல் கேட்டது. சந்து முழுக்கக் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏட்டி! வெளிய வா! என்ன மால் விக்க நீ?"

கையில் பெரிய பாட்டில், லிக்விட் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் தன் தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். சாம்பிள் தீர்ந்துவிட்டதாம், வேறு எதைப் போட்டுத் துடைத்தாலும் தரை பிசுபிசுக்கிறதாம். வாங்கி வைத்த பாட்டிலில் மூடி சரியில்லாமல் அலமாரி முழுவதும் ஒழுகிவிட்டது.

"மூடிகூட ஒழுங்கா இல்ல. மாத்திக் குடு. சும்மா குடுத்தா பரவால்ல, துட்டு குடுத்துல்லா வாங்கியிருக்கேன்!"

செய்முறை செய்ய வருகிறவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மைனி அரை மணி நேரம் சொன்னார். நான் புதுப் பாட்டிலை எடுத்து, மூடியை இரண்டு தடவை திருகிப் பார்த்து, என் வாழ்நாளில் யாருக்கும் காட்டாத மரியாதையோடு நீட்டினேன்.

"மன்னிச்சிருங்க மைனி. உக்காருங்க, காப்பி போடுதேன்."

"போடு. சீனியைப் பாத்துப் போடு" என்று சொல்லிக்கொண்டே மைனி உள்ளே வந்து உட்கார்ந்தார்.