சிமெண்டுத் தொட்டியில் பெருமாள்

பாசாரில் மீன்காரர் ஓர் ஆற்று ஆமையை மல்லாக்கப் போட்டிருந்தார். செங் என்ற ஊர்ப் பக்கம் ஆற்று மணல்திட்டில் முட்டையிட ஏறிய போதே பிடித்துவிட்டாராம். அரிசி போய் மரவள்ளி வந்த ஜப்பான்காரன் காலம் அது. ஆற்றில் எது தலையை நீட்டினாலும் சட்டிக்குள் போனது. மலாய்க்காரர்கள் துந்தோங் என்று சொல்லும் இந்த ஆமைகளைச் சின்ன வயதில் பாலத்தடியில் கூட்டமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். யாரும் தின்னத் துணியாத இடத்தில் இதைக் கொண்டுபோய் வைத்தால் என்ன? நினைத்த அதே நொடியில் இடமும் தோன்றிவிட்டது: கோயில்.

துணிக்குப் பஞ்சம். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்து ஆமையை வாங்கினேன். பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது, சட்டை எதற்கு? ஆற்றில் விட்டால் மறுநாள் வேறொரு சட்டியில் வேகும். அதனால் சாக்கில் கட்டி, பனியனோடு காஜா பெராங்கில் எங்கள் வீடு வரை சுமந்து வந்தேன். அம்மா வாசலிலேயே மறித்தார்.

“ஆமைய உள்ள கொண்டாந்தே, நீயும் அதோடவே வெளிய படுத்துக்க!”

வீட்டுக்கு ஆகாத அதே பிராணி கோயிலுக்கு அவதாரம். கோயில் தலைவரான என் தாய்மாமா சாக்கைப் பிரித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பெருமாளே நடந்து வந்துட்டாருடா!” பெருமாளை எங்கே குடிவைத்தார்கள் என்றால், பக்தர்கள் கால் கழுவும் சிமெண்டுத் தொட்டியில்.

பிறகு பொங்கிய பக்தியை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஓட்டின் மேல் மஞ்சள், சந்தனம், குங்குமம். மாட்டுப்பால் கிடைக்காததால் தேங்காய்ப்பால் அபிஷேகம். வீட்டில் பிள்ளைகள் வெறும் மரவள்ளியை விழுங்கிக்கொண்டிருக்க, தொட்டியில் எண்ணெய் மிதந்தது. அது கங்கோங் கீரை தின்னும் என்றேன். சாமிக்குக் கீரையா என்று சிரித்துவிட்டுக் கருப்பட்டியைப் போட்டார்கள்.

ஆமை எதையும் தொடவில்லை. தொட்டிப் படியில் ஏறி, பின்னங்கால்களால் சிமெண்டைப் பிறாண்டியது. நகத்தில் ரத்தம் கசிந்தது. வயிற்றில் முட்டை, குழி தோண்ட மணல் வேண்டும். கிடைக்காவிட்டால் தண்ணீரிலேயே போட்டுவிடும், அத்தனையும் அழுகும்.

“சாமி ஆடுது!” என்று யாரோ கத்த, மணியடித்துக் கும்பிட்டார்கள்.

மாமாவிடம் ஓடினேன். “ஆடல மாமா, முட்ட போட எடம் தேடுது. மூலையில ஆத்துமணல் கொட்டி வேலி வெச்சாப் போதும்.”

“பெருமாள் முட்ட போடுவாரா? அவரு ஆம்பளடா.”

“இது பொம்பள ஆமை மாமா.”

“பள்ளிக்கூடத்த மூடுனவன் உன் வாய மூட மறந்துட்டான் லா. போ, மரவள்ளிக்குத் தண்ணி ஊத்து.”

சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு ஒடியக் குனிகிற இந்தக் கனவான்கள், கொஞ்சம் மணலுக்கு மட்டும் நிமிர்ந்து நின்றார்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் தெரு அம்மாள் ஒருவர் கோயிலுக்கு வந்து, அம்மன் கனவில் தோன்றிச் செம்பருத்தி மாலை கேட்டதாகச் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவே பூப்பறிக்கக் கிளம்பினார். நான் விழித்திருந்து வாய் வலிக்கச் சொன்னது செல்லவில்லை. அந்த அம்மாள் தூங்கிக்கொண்டு கண்டது சட்டமாகிவிட்டது.

தொட்டியை எட்டிப் பார்த்தேன். முட்டை இன்னும் விழவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, பூசைக்குக் கூட்டம் சேரும். தலை முழுகி, நெற்றியில் பட்டையாய் நாமம் போட்டு, எல்லோர் முன்னாலும் மாமா காலில் விழுந்து இப்படிச் சொல்வதென்று முடிவு செய்தேன்: கனவில் பெருமாள் வந்தார், உடம்பு எரிகிறது என்றார், ஆற்றுமணல் கேட்டார், குஞ்சு வரும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்றார். எந்த மூலை, எவ்வளவு ஆழம் என்பதையும் பெருமாளே விவரமாகச் சொல்லிவிடுவார்.