குழியில்லாத பந்து

கோல்ஃப் பந்தில் ஏன் அத்தனை குழி என்று யாராவது கேட்டால் இப்போதும் என் வாய் சும்மா இருக்காது. கோல்ஃப் மைதானத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, ஏழு வருடம் அந்தக் குழிகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிஎச்.டி. முடித்தால்தான் வேலையில் நீடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சி வாங்கிய கூடுதல் அவகாசமும் அந்த டிசம்பரோடு முடிந்தது.

விஷயம் எளிதுதான். வழவழப்பான பந்து பறக்கும்போது காற்று பாதியிலேயே அதைவிட்டு விலகிவிடும். பின்னால் பெரிய சுழல் கிளம்பி, பந்தைப் பிடித்து இழுக்கும். குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடும். கலங்கிய காற்று பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போவதால் சுழல் சிறுத்து, இழுப்பு பாதியாகும். இதைத்தான் எங்கள் லேபின் விண்ட் டனலில், அந்தப் பெரிய காற்றுக் கூண்டுக்குள், காற்றடித்து அளந்தேன். ஒன்று வாங்கிய கோல்ஃப் பந்து, இன்னொன்று அதே அளவில் குழியில்லாமல் வழவழப்பாகக் கடைந்த மர உருண்டை.

ஆயுதபூஜை கழிந்த வாரம், மர உருண்டையிலும் இழுப்பு சட்டென்று இறங்கியது. அந்த வேகத்தில் அது இறங்கவே கூடாது. பத்து தடவை ஓட்டினேன், பத்து தடவையும் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டதாக நினைத்து, மொத்த ஆய்வேட்டையும் அதன்மேல் கட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள், என் வழிகாட்டியான பேராசிரியை லேபுக்கே வந்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்றார். ஓட்டினேன். இழுப்பு இறங்கவில்லை. வேகத்தைக் கூட்டினேன். புத்தகத்தில் உள்ளபடி அப்படியே நின்றது.

லால்குடியிலிருந்து வரும் லேப் டெக்னீஷியன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "மேடம் வர்றாங்கன்னு காலையிலதான் சார் அந்த மர உருண்டையத் தின்னர் போட்டுத் துடைச்சேன். பூஜைச் சந்தனம் காஞ்சு சொரசொரன்னு இருந்துச்சு" என்றார்.

பூஜையன்று இரண்டு பந்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தது நான்தான். மறுநாள், குழிக்குள் தங்கிவிடுமே என்று கோல்ஃப் பந்தை டூத் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். வழவழப்பானதற்கு இதெல்லாம் எதற்கு என்று மர உருண்டையை விரலால் வழித்துவிட்டேன். குழி செய்கிற வேலையை அந்தக் காய்ந்த சந்தனம் செய்திருக்கிறது. அந்த அம்மாமீது கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அவர் துடைக்காமல் இருந்திருந்தால் ஒரு பொய்க்குப் பட்டம் வாங்கியிருப்பேன். வாங்கியிருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பேராசிரியை ஆய்வேட்டை மூடி என்னிடம் நீட்டினார். "இதுல நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, "அப்போ ஜனவரிலேருந்து காலைல உங்களுக்கு டிபன் கட்ட வேண்டாம், இல்ல?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.