ஹரிஹரன் குறிபார்த்த மாங்கனி

எங்கள் கோட்டுச்சேரி ஹரிஹரன் ராணுவத்தில் பாராசூட் படைக்காரன். ஆக்ராவில் பயிற்சி. முதல் ஐந்து முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் குதித்தானாம். இப்போது இருபதாயிரம் அடியில் ஆக்ஸிஜன் முகமூடியோடு விமானத்தை விட்டுக் குதித்து, ஒன்றரை நிமிஷம் கல்லைப் போல விழுந்து, அப்புறம்தான் பாராசூட்டை விரிக்கிறான். தரையில் தட்டளவு அடையாளம் வைத்தால் அதில் குதிகால் படுமாம். இதை எனக்கு மட்டும் நாற்பது தடவை சொல்லியிருக்கிறான்.

இந்த ஆனியில் லீவில் வந்தவன் மாங்கனித் திருவிழாவில் தன் திறமையைக் காட்டக் கிளம்பினான். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அவன் அக்கா உமாமகேஸ்வரிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று வருஷமாக முந்தானையை ஏந்தி நின்று வெறுமனே திரும்பியவள். "இந்த வருஷமும் கெடைக்கலேன்னா இனிமே வரமாட்டேன்டா" என்று சொல்லியிருந்தாள்.

அவள் கணவர் அறிவுச்செல்வன் சாமி இல்லை என்பவர். "பழத்துக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுக் கேட்டே ஏழு வருஷத்தை ஓட்டியவர். மனைவி கூட்டத்தில் நெரிபடக்கூடாதே என்றுதான் துணைக்கு வந்தாராம்.

அக்காவும் அவரும் கீழே வீதியில் நிற்க, தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில் ஹரிஹரனும் நானும் ஏறினோம். பையில் மூன்றே பழம். அதற்கு மேல் எதற்கு என்று அவன்தான் சொன்னான். பக்கத்து மாடிகளில் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருக்க, இவன் காகிதத் துணுக்கைப் பறக்கவிட்டுக் காற்றுப் பார்த்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"போடுடா, சாமி தாண்டிப் போயிடப்போவுது."

"இருடா, காத்து தெக்கேருந்து அடிக்குது."

முதல் பழம் ஒரு போலீஸ்காரர் கைக்குப் போனது. இரண்டாவது கடைக் கூரைக்கு. வானத்தில் ஜன நெரிசல் கிடையாது. கீழே இருந்த நெரிசலை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்து அக்காவைக் கூட்டம் நகர்த்திவிட்டது. மூன்றாவது பழம் அறிவுச்செல்வனின் வழுக்கையில் விழுந்து, துள்ளி, சாக்கடை ஓரமாக உருண்டது.

ஹரிஹரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அக்கா மொகத்துல எப்படிடா முழிப்பேன்?" என்றான். பாவமாக இருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பழத்துக்கு நாலு பேர் பாய்ந்தார்கள். அவர்களுக்கும் முந்தி அறிவுச்செல்வன் விழுந்து, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். முழங்கைகள் இடித்தும் விடவில்லை. கிழிந்த வேட்டியோடு எழுந்து வந்து, பழத்தைச் சட்டையில் துடைத்து மனைவியின் முந்தானையில் வைத்தார்.

நாங்கள் இறங்கி ஓடியபோது அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உச்சந்தலை வீங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போயி நறுக்கு" என்றார். "எனக்கும் பாதி வேணும்."