ரெண்டே ஆறு வளையல்

மகளுக்கு மறுநாள் வளைகாப்பு. திருவெறும்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தாய்வீட்டு வளையல்தான் முதலில் ஏறணும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாங்க வேண்டிய என் வீட்டுக்காரி சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் நான் திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அவள் பெட்டியில் மகளுடைய பழைய கண்ணாடி வளையல் ஒன்று கிடந்தது. அளவுக்கு ஆகும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கூட்டம் நெருக்கியது. பைக்குள் கையை விட்டால் துண்டு துண்டாக இருந்தது.

தெப்பக்குளம், சின்னக்கடை வீதி எல்லாம் நடந்தேன். வேட்டி, குடம், பூட்டு என்றால் எனக்கு வாங்கத் தெரியும். வளையல் கடையில் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"என்ன அளவுங்க?"

அடுத்த கடைக்குப் போனேன். போகிற வருகிற பெண்களின் கையைப் பார்த்தேன், மகள் கை மாதிரி ஏதாவது தென்படுமா என்று. பூ விற்கிறவள் சத்தம் போட்டாள்.

"யோவ், மூஞ்சிய விட்டுட்டு கையப் பாக்குற? புதுசா இருக்கே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்விட்டேன்.

ராஜகோபுரத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் ஒரு அம்மா வளையல் விற்றுக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பெத்த புள்ள கை தெரியாதாண்ணே?"

"அவ அம்மாதான் வாங்குவா."

"அவங்களயும் கூட்டிட்டு வரலாம்ல?"

"இப்ப இல்லீங்க."

அந்த அம்மா வளையலைத் துடைத்தது. பிறகு, "புள்ளைக்குப் போன் போடுங்க" என்றது.

போட்டேன்.

"முன்னாடி ரெண்டே நாலுப்பா. இப்ப கை வீங்கிக் கிடக்கு. எது ஏறும்னு எனக்கே தெரியல. அம்மான்னா கையப் பிடிச்சுப் பாத்தே சொல்லிடும்" என்றாள் மகள்.

"வெயில்ல நிக்காதீங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

"ரெண்டே ஆறு எடுங்க. ரெண்டே எட்டு கழண்டு விழும். சபையில விழுந்தா நல்லாருக்காது" என்றது வண்டிக்கார அம்மா.

சிவப்பும் பச்சையுமாக ரெண்டே ஆறு வாங்கினேன். இரண்டு அளவும் வாங்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் திருவெறும்பூரில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பெண்கள் இருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் வெளியே நின்றேன். என் வளையலைத்தான் முதலில் எடுத்தார்கள். விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்புத் தடவிப் பார்த்தார்கள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, போயிரும்" என்றாள்.

"விடும்மா, உடைஞ்சா ஆகாது. நாங்க வாங்கினதுல பெருசு இருக்கு" என்றாள் சம்பந்தியம்மா.

என் வளையலைத் தாம்பாளத்தில் ஓரமாக வைத்தார்கள். மகள் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே போகலாமா என்று நினைத்தேன். ஆம்பளை போகிற இடமில்லை அது.

பந்தியில் இலை போடக் கூப்பிட்டார்கள். போனேன்.