பைண்டர் கழித்துவிட்ட கடைசி அத்தியாயம்

வடக்கே, தலைநகரில் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் நான் வளர்ந்த வீட்டில் தமிழ்ப் புத்தகம் என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. பத்திரிகையில் வந்த சிறுவர் தொடர்கதையை அப்பா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பக்கத்துக் கோட்லா கடைத்தெருவில் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தார். பைண்டருக்குத் தமிழ் தெரியாது. கடைசி அத்தியாயம் வந்த தாளின் ஒரு பக்கம் முழுக்கச் சோப்பு விளம்பரம். கதை முடிந்துவிட்டது என்று அவராகவே நினைத்து அந்தத் தாளைக் கழித்துவிட்டார். சிவப்பு அட்டை மட்டும் பிரமாதமாகப் போட்டிருந்தார்.

கதாநாயகர் ஒரு கிறுக்கர். தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுக் காத்திருப்பார். யாரும் திறக்காவிட்டால், உள்ளே ஆள் இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார். ஊர்க் கிணற்றுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார். நாற்காலியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். தீபாவளிக்குள் நாலு பேரைப் போல மாற வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கெடு வைக்கிறார்கள். அந்த இடத்தில் எங்கள் புத்தகம் தீர்ந்துவிடும்.

எனக்குத் தமிழ் படிக்க வராது. ஆபீஸிலிருந்து வந்து டீ குடித்த பிறகு அப்பா வாசித்துக் காட்டுவார். மற்றவர்கள் சிரிக்கிற இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஏனென்றால் நானும் அந்த ரகம்தான். பென்சிலைச் சீவும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்பேன். கூலரை அணைத்துவிட்டு நன்றி சொல்வேன்.

இப்படிப்பட்ட கிறுக்கர்களைக் குழந்தைகளுக்குப் பிடிப்பது வேடிக்கைக்காக என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. தான் மட்டும்தான் இப்படியோ என்ற பயம் எல்லாக் குழந்தைக்கும் ஏதோ ஒரு விஷயத்தில் இருக்கிறது. மீசை வைத்த ஒரு பெரிய மனிதரே அப்படி இருக்கிறார் என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் அவர்களை வயதான பிறகும் விடமாட்டேன் என்கிறோம்.

இரண்டாம் வகுப்பில் என் டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். பெண் தனக்குத்தானே பேசுகிறாள், பெஞ்சிடம் கேட்டுவிட்டு உட்காருகிறாள், பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், இப்போதே மாற்றாவிட்டால் பின்னால் கஷ்டம் என்று ஹிந்தியில் அடுக்கிக்கொண்டே போனார். அப்பா 'அச்சா ஜி, அச்சா ஜி' என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று ரேடியோவைக்கூடச் சன்னமாக வைக்கிற மனிதர் அவர். அவரும் என்னை மாறச் சொல்லிவிட்டால் எனக்கு வேறு ஆளே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் வேறு விதமாகக் கேட்டேன்.

"அப்பா, நம்ம கதைல கடைசில அவர் மாறிட்டாரா?"

அப்பா சொன்னார்: "மாறலம்மா. ஊர்க்காரங்கதான் பழகிக்கிட்டாங்க."

அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் மதுரைக்காரர், அந்தத் தொடரைப் பத்திரிகையில் வந்தபோதே ஒரு வாரம்கூட விடாமல் படித்தவர். யார் சொன்னது என்று சிரித்தார். அந்த ஆள் திருந்தி, மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்துவிடுகிறார், ஊரே கைதட்டுகிறது, அதுதான் முடிவு என்றார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஆபீஸுக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், ஆன்ட்டி சொன்னது நிஜமா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"நிஜந்தான். பத்திரிகைல அப்படித்தான் வந்துச்சு," என்றார். "எழுதினவருக்கு உன்னத் தெரியாதுல்ல."