ஏடன் உறையில் ஒரு வெள்ளிக்கிழமை

கடிதம் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள், வீட்டுக்கு வந்தும் கடித உறைகளைத்தான் கட்டிக்கொண்டு அழுவாள் என்று என் கணவர் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி எப்போதும் என் ஆல்பங்களின் வசம்தான் இருக்கும். மறுபாதியில் அவர் தட்டு.

நான் சேர்ப்பது ஏடன் தபால். காரணம் ஒரு சின்னக் குழப்பம். தபால்தலைச் சங்கத்தில் ஒருவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு பொட்டலத்தில் இந்தியத் தபால்தலைகள் இருந்தன. அவற்றின் மேல் குத்தியிருந்த முத்திரையோ ஏடன். அரபு நாட்டுத் துறைமுகத்தில் இந்தியத் தலை எப்படி வந்தது? படிக்க ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் ஏடனைப் பிடித்து, பம்பாய் மாகாணத்தோடு சேர்த்து வைத்திருந்தான். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் முதலில் பம்பாய் ஆண்டது, பிறகு டில்லி ஆண்டது, 1937 ஏப்ரல் முதல் தேதி லண்டன் நேரடியாக எடுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் ஏடனுக்கென்று சொந்தத் தபால்தலை வந்தது. துறைமுகம் மட்டும்தான் நேரடி ஆட்சி. கடற்கரை நெடுக இருந்த சுல்தான்களோடு வெறும் ஒப்பந்தம். கொஞ்சம் மானியம், வரும்போது பீரங்கி மரியாதை, அவ்வளவுதான். அங்கே தபாலாபீஸ்கூட வைக்கவில்லை. அந்தக் கரையிலிருந்த முக்கல்லா துறைமுகத்தில் எழுதிய கடிதம் பாய்மரப் படகில் ஏடனுக்கு வந்துதான் தலை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரும் ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட ஊர்தான். அதனாலோ என்னவோ, இந்த விஷயம் என்னை விடவில்லை.

சங்கத்தில்தான் அபாங்கைப் பார்த்தேன். அரபு வீதியில் அத்தர் கடை வைத்திருப்பவர், என் வயதுக்காரர். முன்னோர் ஏடனுக்குக் கிழக்கே இருக்கும் ஹத்ரமௌத்திலிருந்து வந்தவர்கள். சிராங்கூன் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் மாதிரி பேசுவார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. நான் அவரை மலாயில் அபாங், அதாவது அண்ணன் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

"எங்காளுங்க ஊருக்குப் போய்வர ஒரு பேப்பர் வேணும்னா ஏடனுக்கு எழுதணும்க்கா," என்று ஒருநாள் சொன்னார். "ஏடன் பம்பாய்க்கு எழுதும். பம்பாய் லண்டனுக்கு எழுதும். பதில் வர்றதுக்குள்ள ஆளு கெழவனாயிடுவான் லா."

அவர்தான் தன் கடையில் வைத்து ஒரு பழைய உறையைத் தந்தார். அவருடைய பெரியப்பாவின் கடை முகவரிக்கு வந்தது. உள்ளே கடிதம் இல்லை. முன்பக்கம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட இந்தியத் தபால்தலை, ஏடன் முத்திரை. ஆனால் முத்திரையில் தேதி இருக்கவேண்டிய இடத்தில் மை ஊறிக் கறுப்பாகக் கிடந்தது. சிங்கப்பூர் முத்திரையும் அப்படியே. பின்பக்கம் பென்சிலில் தமிழ்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய தமிழ்த் தபால்காரர்கள் சிலர் இருந்தார்கள். வீட்டில் ஆள் இல்லை என்றால் உறையின் முதுகில் இப்படித்தான் கிறுக்கிக்கொண்டு திரும்புவார்கள். இதில் 'கடை மூடி. சும்மா.' என்று இருந்தது. அதற்குக் கீழே 'கூ ச' என்றும், பெயர் தெரியாத ஒரு வளைந்த எழுத்தும், 'எ' மாதிரி ஒன்றும். தபால்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். கடையைச் சும்மா மூடிவிட்டுப் போன பெரியப்பாவை நினைத்து அபாங்கைக் கொஞ்சம் கேலியும் செய்ய நினைத்தேன். கடைக்குக் கூட்டம் வந்துவிட்டதால் சொல்லாமலே வந்துவிட்டேன்.

இந்திய ஆட்சியின் கடைசி நாட்களில் ஏடனைத் தாண்டிய கடிதம் இது என்று என் உள்மனம் சொன்னது. கண்காட்சிக்கு ஐந்து சட்டகம் நிறைய தாள்களைத் தயாரித்து, இந்த உறையை நட்ட நடுவில் வைத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த தலைமை நடுவர் உயரமான மனிதர். என் சட்டகத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார், ஆண்டுக்கு ஆதாரம் என்ன என்று. இந்தியத் தபால்தலையைக் காட்டினேன். அது போதாது என்றார். பின்பக்கத்தின் படத்தைக் காட்டினேன். யாரோ தபால்தலை வியாபாரி கிறுக்கியது, காட்சிக்கு வைக்குமுன் அழித்திருக்கலாம் என்றார். வெண்கலம் கொடுத்தார்கள்.

அன்று பஸ்ஸில் உறை முதுகின் படத்தையே பார்த்தபடி வீடு வந்தேன். அழித்திருக்கலாம் என்ற சொல்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. மழையில் நனைந்து, கடை வாசலில் நின்று, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிய ஒரு மனிதரின் கை அது. எனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்கத் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் புதிதாகத் திறந்தது. கூட்டம் அலைமோதியது. தோசை வரும்வரை சுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவுக்கு மேலே ஒரு கடிகாரம். அதில் ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில் 'கூ' இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

நான்கு இருக்கும் இடத்தில் 'ச' மாதிரி. ஏழில் 'எ' மாதிரி. மூன்றில், நான் பெயர் தெரியாமல் விட்ட அந்த வளைந்த எழுத்து. தமிழ் எண்கள்! பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டியது, அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை, நானும் மறந்துபோனேன். கைபேசியில் உறையின் படத்தைத் திறந்தேன். கடிகாரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ௯ ௪ ௩௭.

"ஒம்பது, நாலு, முப்பத்தேழு," என்று உரக்கச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோசை வந்துருச்சு, அந்த ஏடன்காரன விட்டுட்டு உக்காரு லா," என்றார் கணவர். நான் உட்காரவில்லை. தோசையைக் கட்டித் தரச் சொல்லி, அவரையும் இழுத்துக்கொண்டு அரபு வீதிக்கு நடந்தேன்.

அபாங் கடையில் இருந்தார். நான் மூச்சு வாங்கியபடி தேதியைச் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரிக்கா, மேல என்ன எழுதியிருக்கு? அதைப் படிங்க."

"அது ஒண்ணுமில்ல அபாங். கடை மூடி, சும்மா. உங்க பெரியப்பா சும்மாவே கடைய மூடிட்டுப் போயிருக்காரு."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் மேசையைத் தட்டிச் சிரித்தார். அலமாரியில் அத்தர்ப் புட்டிகள் அதிர்ந்தன.

"அக்கா! எங்க பெரியப்பா தன் கல்யாணத்தன்னிக்குக்கூட கடைய மூடாத மனுஷன். அது சும்மா இல்ல. ஜும்மா! ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காரு! பள்ளிவாசல் பின்னாடிதானே கடை!"

'ஜ' எழுதிப் பழகாத அந்தத் தபால்காரர் 'ச' போட்டிருக்கிறார். அந்தத் தேதி என்ன கிழமை என்று பார்க்கச் சொன்னேன். கணவர்தான் தன் கைபேசியில் நாட்காட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். 1937 ஏப்ரல் ஒன்பது. திரையை எங்கள் இருவருக்கும் காட்டினார்.

வெள்ளிக்கிழமை.

மூன்று பேரும் கடை நடுவில் நின்று கத்தினோம். அத்தர் வாங்க வந்த சுற்றுப்பயணிகள் நாங்கள் எதையோ ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். உண்மையில் ஜெயித்துத்தான் இருந்தோம்.

மிச்ச வேலையை நூலகத்தில் முடித்தேன். பழைய செய்தித்தாள்களில் கப்பல் வரவுகளைத் தேடி எழுதினேன். உறையில் விமானத் தபால் அடையாளம் எதுவும் இல்லை, ஒட்டியிருந்த தலையும் கப்பல் கட்டணத்துக்குத்தான் சரி. நான் பார்த்த கப்பல்களில் எதுவும் ஏடனிலிருந்து இங்கு வரப் பன்னிரண்டு நாளுக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் கடிதம் மார்ச் கடைசியில், டில்லியின் அதிகாரம் முடிவதற்குச் சில நாள் இருக்கும்போது ஏடனை விட்டிருக்கிறது. நான்கு நாள் தாமதித்திருந்தால் அது வேறு நாட்டின் கடிதம்.

அடுத்த கண்காட்சிக்கு அதே நடுவர் வந்தார். இந்த முறை உறையின் முதுகை மேலே வைத்திருந்தேன். பக்கத்தில் தமிழ் எண்களின் பட்டியல், அந்த ஒரு சொல்லின் விளக்கம், கிழமை. அவர் நெடுநேரம் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, போன முறை நான் தவறு செய்தேன், மன்னிக்க வேண்டும் என்றார். பெரிய மனிதர்கள் இப்படி மன்னிப்புக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்தது.

தங்கம் கிடைத்தது. மேடையில் என்னை அழைத்தபோது அபாங்கையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். "நான் எதுக்குக்கா, நான் எதுக்கு," என்றபடி வந்தவர், மேடை ஏறியதும் பதக்கத்தை என்னிடமிருந்து வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுக்க நின்றார். கீழே என் கணவர் விசில் அடித்தார். அறுபத்தைந்து வயதில் அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தபால்காரரின் பெயர் உறையில் எங்கும் இல்லை. அதனால் ஏற்புரையில் அவரைப் பற்றித்தான் பேசினேன். ஏடனை ஆண்ட அதிகாரிகளுக்குப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, இந்தக் கடிதம் எந்த ஆட்சியில் புறப்பட்டது என்று சாட்சி சொன்னவர் சிங்கப்பூர்த் தெருவில் சைக்கிள் மிதித்த ஒரு தமிழர் என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இறங்கி வந்தால் என் சட்டகத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய உறை. பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு சீனப் பெண்மணி முந்திக்கொண்டு தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மங்கலான பென்சில் கோடுகள். இது தமிழா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"கொடுங்க," என்றேன், "படிச்சுச் சொல்றேன்."