யானைக் குட்டி பால் மறுத்த வெள்ளிக்கிழமை

அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். நோய் சுகமான கதைகளைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் கதையில் நோயாளி ஒரு யானைக் குட்டி. சிரிக்க வேண்டாம். அன்று அது பால் குடிக்க மறுத்தபோது நான் நடுங்கிப் போனேன்.

நான் நிந்தவூர்க்காரன். விலங்கியல் படித்துவிட்டு, இறக்காமத்துக்கு அப்பால் உள்ள ஒரு விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்திய போகத்தில்தான் அறுவடைக்கு நின்ற எங்கள் வயலை யானைகள் மிதித்து நாசமாக்கியிருந்தன. வேலையைப் பற்றிச் சொன்னதும் வாப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்மட வயல மிதிச்ச சாமானுக்கு நீ பால் பருக்கப் போறியா மகன்?"

கேட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

குட்டி வாய்க்கால் சேற்றில் புதைந்து கிடந்தது. யானைக் கூட்டம் அதை விட்டுவிட்டுப் போய்விட, நிலையத்துக்கு எடுத்து வந்தோம். நான் சொல்லும் வெள்ளிக்கிழமை, அது எங்களிடம் வந்து ஒன்பதாம் நாள். வயிற்றோட்டம் நின்று அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். பாலைக் கரைப்பவர் என்னோடு வேலை செய்யும் குணா அண்ணன். ஆனால் அவர் நீட்டும் போத்தலைக் குட்டி தொடாது. என் கையால் கொடுத்தால்தான் குடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நன்றாகக் குடித்தது. பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து போத்தலை நீட்டினேன். வழமை போல ஓடி வந்த குட்டி, இரண்டடி தள்ளி நின்றது. காதை விரித்து ஒரு கத்துக் கத்திவிட்டு, பின்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கிட்டப் போனால் என் கையை உதறியது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. விளங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"என்னத்தக் கரைச்சீங்க அண்ணன்? பால்மா பழுதா?"

"காலையில குடிச்ச அதே மாதான் தம்பி." அவர் தன் கையில் ஊற்றிக் குடித்தே காட்டினார்.

"அப்ப போத்தலக் கழுவல்லயா?"

அவர் முகம் சுருங்கிப் போனது. போத்தலை வாங்கி மறுபடி கழுவப் போனார்.

அடுத்த வேளைப் பாலையும் குட்டி மறுத்தது. கால் மடங்கிப் படுத்துவிட்டது. வேறிடத்தில் வேலையாக நின்ற மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். "இன்னொருக்காவும் குடிக்கல்லண்டா குழாய்தான் வைக்கணும். அந்த உடம்பு தாங்குமோ தெரியா" என்றார் அவர். என் மனதில் முதலில் வந்தது, என் வேலை போய்விடும் என்ற பயம். குட்டி செத்துவிடுமே என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

பின்னேரத்து அஸர் தொழுகை நேரம். முகம் கைகால் கழுவி வுழூச் செய்து, கொட்டகைப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துத் தொழுதேன். அதுவரை என் துஆ எல்லாம் 'தா, தா' என்றுதான் இருக்கும். அன்று கடைசி சுஜூதில் வேறு விதமாகக் கேட்டேன். "யா அல்லாஹ், பிழை ஆரிலண்டு எனக்குக் காட்டு."

நெற்றி நிலத்தில். இரண்டு கைகளும் முகத்தோடு. அப்போதுதான் மூக்கில் ஏறியது, அத்தர் வாசம்.

ஜும்ஆ முடிந்ததும் பக்கத்தில் இருந்த ஒருவர் என் உள்ளங்கையில் அத்தர் தடவிவிட்டிருந்தார். நீட்டிய அத்தரை நம்மவர்கள் மறுப்பதில்லை. கையிலும் தாடியிலும் சட்டையிலும் நன்றாகப் பூசிக்கொண்டு வந்தேன். கொட்டகை நாற்றத்தில் அது என் மூக்குக்கே தெரியவில்லை. எண்ணெய் அத்தர், வுழூவில் போகவுமில்லை. நமக்கு அது நறுமணம். மணத்தால் ஆளை அறியும் அந்தப் பிராணிக்கோ, போத்தலோடு வந்தவன் யாரோ ஓர் அந்நியன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் வாய்க்காலுக்கு ஓடினேன். சவர்க்காரமும் மணக்குமே என்று சேற்றை அள்ளி உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்தேன். கழுவப் போட்டிருந்த முந்திய நாள் சட்டையை மாட்டிக்கொண்டு போத்தலோடு போய்க் குட்டியின் அருகில் உட்கார்ந்தேன். அது அசையவில்லை. பிறகு தும்பிக்கை மெல்ல எழுந்தது. கையை மோந்தது. கழுத்தை மோந்தது. கக்கத்துக்குள் புகுந்தது. பிறகு வாயைத் திறந்தது. கடைசிச் சொட்டு வரை போத்தலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலியானதும் குழந்தை போல அழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

குணா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க தம்பி. குட்டி குடிச்சிட்டுதானே" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னைக் கோபத்தை விடவும் சுட்டது.

குட்டி பிழைத்தது. எனக்கும் வேலை நிரந்தரமானது. ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய பதில் அவை இரண்டுமல்ல. ஊரையெல்லாம் குற்றம் சொல்லித் திரிந்த ஒருவனுக்கு, குற்றம் அவன் கையிலேயே இருந்ததை படைத்த ரப்பு காட்டித் தந்தானே, அதுதான். சகோதரர்களே, நெருக்கடி வரும்போது தேவையை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பிழையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவான். பயப்படாமல் பாருங்கள்.